கயிறு மாற்றிக் கொடுத்த வெப்சைட்

செஞ்சி சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஆட்டு வியாபாரியிடம் வாயால் சொன்னேன்.

அதற்கு முன்னால் நடந்தது கொஞ்சம் சொல்லவேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. அதோடு படிப்பு முடிந்தது. கடையில் முதலில் ஜெராக்ஸ் போட்டேன். பிறகு கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ். ஒரு நாள் முதலாளி, "வெப்சைட் கேக்கறாங்க. வீடியோ பாத்துக் கத்துக்க" என்றார். கற்றுக்கொண்டேன். பதினொரு வெப்சைட் செய்தேன். செய்தது நான் என்று யாருக்கும் தெரியாது.

முதலாளி விலை சொல்வதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வந்தவர் காலைப் பார்ப்பார். ஷூ என்றால் நாற்பதாயிரம். தோல் செருப்பு என்றால் இருபத்தைந்து. ரப்பர் செருப்பு என்றால் பத்து. மூன்றும் ஒரே வேலைதான். எனக்கு எல்லாக் காலுக்கும் ஒரே சம்பளம்.

ஒரு நாள் நின்றுகொள்கிறேன் என்றேன். சொந்தமாகச் செய்கிறேன் என்றேன்.

"போ. மூணு மாசத்துல இதே நாற்காலிக்கு வருவே" என்றார்.

நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த பெரிய பட்டன் கால்குலேட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய லேப்டாப் ஒன்று வாங்கக் கம்மல் அடகுக்குப் போனது.

இரண்டு மாசம் ஒரு ஆள் வரவில்லை. மூன்றாவது மாசம் ஆட்டு வியாபாரி வந்தார். என் வீட்டுக்காரர்தான் அழைத்து வந்தார். வீட்டுக்காரருக்கு ஒரு லோடு வண்டி உண்டு. வெள்ளிக்கிழமை சந்தையில் வியாபாரி பிடிக்கிற ஆடு, மாடு எல்லாம் அந்த வண்டியில்தான் போகும். வண்டிக்கு வருகிற வாடகையில் பாதி வியாபாரி கொடுப்பது.

வியாபாரிக்கு ஐம்பது வயசு இருக்கும். தோளில் பச்சைத் துண்டு. காலில் ரப்பர் செருப்பு. அனந்தபுரம் ரோட்டில் ஆடு கட்டப் பெரிய கொட்டாய், நாலு இடத்தில் நிலம். என் முதலாளி பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்.

"பக்ரீத்துக்கு மெட்ராஸ்காரன், பெங்களூர்க்காரன் எல்லாம் போன்லயே ஆடு கேக்கறான். வெப்சைட் இருக்குதான்றான். இல்லைன்னா திருட்டு ஆடு விக்கறவன மாதிரி பேசறான்" என்றார். "எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு தங்கச்சி. இன்னா விலை?"

நான் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தேன். கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரம். நான் கொத்தனாருக்குக் குறைந்தவள் இல்லை. இருபது நாள் வேலை. வெப்சைட்டுக்கு ஒரு பெயர் வாங்கவேண்டும். அதைக் குடி வைக்க இடம் வாடகைக்கு எடுக்கவேண்டும். இரண்டும் வருஷக் காசு. எல்லாம் கால்குலேட்டரில் தட்டி அவர் பக்கம் திருப்பினேன். வாயாலும் சொன்னேன்.

"இருபத்தஞ்சாயிரம்ணா."

அவர் முகம் மாறிவிட்டது. காசு அதிகம் என்று இல்லை.

"இன்னா தங்கச்சி, ரேஷன் கடை போர்டு மாதிரி விலையச் சொல்ற? நாளைக்கு இவ கேட்டது இது, நான் குடுத்தது இதுன்னு ஊர்ல பேசுவானுங்க. கம்மி பண்ணாலும் அசிங்கம், பண்ணாட்டியும் அசிங்கம்."

சந்தையில் வாங்குகிறவன், விற்கிறவன் இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரல் ஒன்று. முழுக் கை ஐந்து. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முடிந்த விலையை இரண்டு பேரும் வெளியே சொல்லக் கூடாது. சொல்கிறவனுக்கு அடுத்த வாரம் யாரும் கை கொடுக்கமாட்டார்கள்.

வியாபாரி தோளிலிருந்து துண்டை எடுத்தார். என் கையைப் பார்த்தார். வளையல் கை. துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீ குடுப்பா கைய."

அவர் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துண்டு விழுந்தது. நான் எதிரில் உட்கார்ந்து துண்டைப் பார்த்தேன். துண்டு மேல் ஒரு ஈ இருந்தது. உள்ளே கை அசைந்தபோதும் ஈ பறக்கவில்லை. வியாபாரி வாசலைப் பார்த்தபடி இருந்தார். வீட்டுக்காரர் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு தடவை தலையை ஆட்டினார். பிறகு ஆட்டவில்லை.

துண்டை உதறினார் வியாபாரி. "சரி. முடிஞ்சுது." ஐயாயிரம் அச்சாரம் எடுத்து வீட்டுக்காரர் கையில் வைத்தார். அவர் அதை என்னிடம் கொடுத்தார்.

வியாபாரி போனதும் கேட்டேன். "எவ்ளோ?"

"பதினெட்டு."

"இருபத்தஞ்சு சொன்னேனே."

"சந்தையில கேட்டதையா குடுப்பான்?"

"உங்க வாடகைக்கு விட்டுக் குடுத்தீங்களா?"

"ஏம்மே, வந்த மொத ஆளு. போயிட்டா இன்னா பண்ணுவே? அந்த நாற்காலிக்குப் போவியா?"

ஆனால் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டா, இல்லையா? வியாபாரியிடம் கேட்க முடியாது. கேட்டால் அவர் வழக்கத்தைக் கெடுத்தவள் ஆவேன். வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை கேட்கலாம். பதினெட்டு என்று இன்னொரு தடவை சொல்வார். என் வேலையின் விலை ஒரு துண்டுக்குள் இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

வேலை ஆரம்பித்தேன். கொட்டாய்க்குப் போய் ஆடுகளைப் போட்டோ எடுத்தேன். வியாபாரி கூடவே நின்றார். நல்ல கிடா வந்தால் குறுக்கே வந்து மறைத்தார்.

"அத எடுக்காத. கண்ணு பட்டுடும்."

"எடுக்கலைன்னா எப்படிணா விக்கும்?"

"சுமாரானத எடு. வந்து பாக்கறவன் நல்லத பாத்துக்குவான்."

எடை போடலாமா என்றேன். வேண்டாம் என்றார். வயசு தெரியப் பல் போடலாமா என்றேன். போடு, ஆனால் எண்ணிக்கை போடாதே என்றார். விலை என்று கேட்கவே இல்லை. எல்லா ஆட்டுக்கும் கீழே விலைக்குப் பேசவும் என்று எழுதினேன். இப்படி ஒரு வெப்சைட் நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கடை அப்படித்தான்.

பெயர் வாங்கும்போது ஒரு தப்பு செய்தேன். இணையத்தில் பெயர் வாங்க ஒரு இமெயில் வேண்டும். வியாபாரி போனில் ஒரு இமெயில் இருந்தது. போன் விற்ற கடைக்காரன் போட்டுக் கொடுத்தது. பாஸ்வேர்டு அவருக்கும் தெரியாது, கடைக்காரனுக்கும் தெரியாது. என் கடையில் இப்படி ஆள் வந்தால் முதலாளி கடை இமெயிலில் வாங்கிவிடுவார். எட்டு வருஷமாக அதைப் பார்த்தவள் நான். என் இமெயிலில், என் போன் நம்பரில், என் பேரில் வாங்கினேன். இடமும் அங்கேயே எடுத்தேன். வியாபாரியிடம் சொன்னேன். "சரி சரி" என்றார். அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டாவது நாள் வேலை முடிந்தது. கொட்டாயில் வைத்துக் காட்டினேன். அவர் ஆடுகளை லேப்டாப்பில் பார்த்தார். பக்கத்தில் நிஜ ஆடு கத்தியது. சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன்.

"மீதி எப்பணா?" என்றேன்.

"வெள்ளிக்கிழம."

நான் வெப்சைட்டைத் திறந்துவிடவில்லை. விரைவில் என்று ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். காசு வந்தால் திறப்பேன் என்றேன். அவர் அதைக் கேட்டு ஆட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காசு வரவில்லை. அவர் வந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். பட்டா யார் பேர்ல இருக்குது?"

"எதோட பட்டா?"

"வெப்சைட்டோடது. சந்தையில ஒருத்தன் கேட்டான். வீடு கட்டறது நீ, மனை யார் பேர்லன்றான். அவ பேர்ல இருந்தா நாளைக்கு உன் பங்காளிக்கு வித்துடுவான்றான்."

அவர் பங்காளிக்கும் அதே சந்தையில் அதே வியாபாரம். இரண்டு பேருக்கும் பத்து வருஷமாகப் பேச்சில்லை. நான் பங்காளியைப் பார்த்ததுகூட இல்லை.

"என் பேர்லதான் இருக்குதுணா. உங்களுக்கு இமெயில் இல்ல. அதான்."

அவர் என்னையே பார்த்தார். மாட்டின் பல்லைப் பார்க்கிற பார்வை.

"மாத்திக் குடு. மீதி தரேன்."

"மீதி குடுங்க. மாத்தித் தரேன்."

வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். வியாபாரி குடிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். டீயில் ஆடை கட்டியது.

வீட்டுக்காரர் கத்தினார். "இன்னா பொம்பள நீ? அவர் நாளைக்கு வேற வண்டியக் கூப்பிட்டா?"

"கூப்பிட்டா கூப்பிடட்டும்."

"சந்தையில நாலு பேர்கிட்ட சொன்னா? அப்புறம் உன்கிட்ட எவன் வருவான்?"

அதுதான். அது எனக்கும் தெரியும். செஞ்சியில் ஒரு ஆளின் பேர் சந்தையில்தான் நிற்கும், சந்தையில்தான் விழும். வியாபாரி ஒரு வார்த்தை, அவ ஏமாத்தறவ என்று சொன்னால் போதும். நான் முதலாளி கடைக்குப் போய் நாற்காலியில் உட்காரவேண்டியதுதான். அவர் சிரிப்பார். மூன்று மாசம் முடிய ஐந்து நாள் இருந்தது. அதையும் எண்ணியிருப்பார்.

யோசித்தேன். முதலாளி செய்கிற வழி ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் ரொம்பக் கேட்டால் இமெயிலையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். இந்தா, உன் வெப்சைட், உன் சாவி. சரி, நானும் அப்படியே தந்துவிடலாம். இந்த வேலைக்கு என்றே ஒரு இமெயில் வைத்திருந்தேன். வேறு எதுவும் அதில் இல்லை. சீட்டில் எழுதிக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன்.

வியாபாரி அப்போது ஒரு மாடு வாங்கிக்கொண்டிருந்தார். தளவானூர் பக்கத்து ஆள் விற்க வந்திருந்தார். விலை முடிந்துவிட்டது. துண்டு தோளுக்குப் போய்விட்டது. வியாபாரி புதுக் கயிறு ஒன்றை மாட்டின் கழுத்தில் கட்டினார். பழைய கயிற்றை அவிழ்த்து விற்றவர் கையில் கொடுத்தார். விற்றவர் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் சீட்டை நீட்டினேன். "இது இமெயிலு. இது பாஸ்வேர்டு. எல்லாம் இதுல இருக்குது. இனிமே உங்களது."

வியாபாரி சீட்டைத் தொடவில்லை.

"இது யார் கயிறு?"

"என்னணா?"

"இந்த இமெயிலு யார் போட்டது?"

"நான்தான்."

"அப்ப பழைய கயித்தோட தர்ற." மாட்டைக் காட்டினார். "பாத்தே இல்ல? கயித்தோட மாடு எவன் வாங்குவான்? பழைய கயித்துல இருக்கற மாடு பழைய வீட்டுக்கே போகும். கயிறு உன்னது, உன்கிட்ட இருக்கட்டும். மாட்ட என் கயித்துல கட்டு."

எனக்குக் கோபம் வந்தது. காசு தராமல் இழுக்கிறார், அதற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். சீட்டைக் கசக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். அந்த இமெயிலுக்குப் பாஸ்வேர்டு மறந்தால் யாருக்குப் போன் வரும்? எனக்கு. அவர் பாஸ்வேர்டை மாற்றினாலும் நான் ஒரு நம்பர் தட்டினால் மறுபடி உள்ளே போகலாம். நாளைக்கே போகலாம். பத்து வருஷம் கழித்தும் போகலாம்.

அவருக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் தெரிந்துவைத்திருந்தார்.

முதலாளி பாஸ்வேர்டுகளை எழுதி வைத்திருந்த நீல நோட்டு ஞாபகம் வந்தது. பதினொரு வெப்சைட்டும் அதில் இருந்தது. ஒரு கல்யாண மண்டபக்காரர் வேறு கடைக்குப் பிளெக்ஸ் கொடுத்ததும் அவர் வெப்சைட் ஒரு வாரம் திறக்கவில்லை. அப்போது நான் கரண்ட் பிரச்சினை என்று நினைத்தேன். முதலாளியும் அப்படித்தான் சொன்னார்.

பதினொன்றையும் பழைய கயிற்றில் கட்டியவள் நான்தான்.

மறுநாள் ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். ஆம்பளைக் குரல்.

"ஆட்டு வெப்சைட்டு ஒண்ணு உன் பேர்ல இருக்குதாமே. எனக்குக் குடு. முப்பது தரேன். இன்னிக்கே."

"நீங்க யாரு?"

"யாரா இருந்தா இன்னா? அவன் குடுக்கல இல்ல? நான் குடுக்கறேன்."

முப்பது. கம்மல் வந்துவிடும். நாற்காலிக்குப் போகவேண்டாம். பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் யாரிடமோ உளறிவிட்டார் என்று நினைத்தேன். பங்காளிதான் என்று நினைத்தேன்.

"சீட்டுலதான் என் பேரு. பொருளு அவரது. அச்சாரம் வாங்கிட்டேன்" என்றேன். வைத்துவிட்டேன்.

அது வியாபாரி ஆள் வைத்துப் பேசவைத்தது. அப்போது தெரியாது. ரொம்ப நாள் கழித்து அவரே சொன்னார். சொல்லும்போது வெட்கப்படவில்லை. மாடு உதைக்குமா என்று தட்டிப் பார்க்காமல் வாங்குவேனா என்றார்.

இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். மத்தியானம். வீட்டுக்காரர் திண்டிவனத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். வியாபாரி வாசலிலேயே நின்றார்.

"பெங்களூர்க்காரன் கேட்டுட்டே இருக்கறான். பக்ரீத்து வந்துடுச்சு. உன் வழியில வேணாம், என் வழியிலயும் வேணாம். புதுக் கயிறு கட்டற மாதிரி எதாவது இருக்குதா?"

"இருக்குதுணா. உங்க போன்ல உங்களுக்குப் புதுசா இமெயில் போடணும். அதுல ஒரு கணக்கு திறக்கணும். என் கணக்குல இருந்து உங்க கணக்குக்குத் தள்ளி விடுவேன். அப்புறம் எனக்கு அதுல வேலையில்ல."

"போடு."

பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவில் ஸ்டூல். அதன்மேல் லேப்டாப். அவர் போனை வாங்கி நம்பரைப் போட்டேன். அவர் போனுக்கே மெசேஜ் வந்தது. போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"இது ஓ.டி.பி."

"ஆமாம்ணா. நம்பரச் சொல்லுங்க, போடறேன்."

"சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு பேங்க்ல இருந்து தினம் மெசேஜ் வருது."

"அது பேங்க் காசுக்கு. இது வேற."

"எல்லாத் திருடனும் இது வேறன்னுதான் சொல்வான்."

நேரம் ஓடியது. அந்த நம்பர் செத்துப்போனது. மறுபடி அனுப்பினேன். மறுபடி போனை மார்போடு வைத்துக்கொண்டார். அதுவும் செத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அவர் இடத்தில் இருந்தால் சொல்லமாட்டேன்.

பிறகு எனக்குத் தோன்றியது.

"துண்ட எடுங்கணா."

"எதுக்கு?"

"போன் மேல போடுங்க. நீங்களே உள்ள பாத்துத் தட்டுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். எடுத்தார். போனையும் கையையும் மூடித் தலையையும் உள்ளே விட்டுக்கொண்டார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவரில் போன வருஷத்துக் காலண்டர். பின்னால் துண்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு எண்ணாக முணுமுணுத்தார். எனக்கு எல்லாம் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

"ஆச்சு" என்றார்.

பாஸ்வேர்டும் துண்டுக்குள்தான். எட்டு எழுத்து, நடுவில் ஒரு எண் என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் ஆனது. துண்டு வேர்வையில் ஒட்டியது. "இதையும் மறந்துடுவேன் போல" என்றார். "வீட்டுல எழுதி வைங்க, என்கிட்ட காட்டாதீங்க" என்றேன்.

பிறகு என் பக்கம். அவருடைய புது இமெயிலைக் கேட்டுப் போட்டேன். தள்ளு என்ற பட்டனைத் தொட்டேன். என் போனுக்கு ஒரு நம்பர் வந்தது. நான் துண்டு கேட்கவில்லை. ஆனால் அவர் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். அவர் போனில் ஏற்றுக்கொள்கிறீர்களா என்று வந்தது. ஒற்றை விரலால் அழுத்தினார். கையெழுத்துப் போடுகிற மாதிரி அழுத்தினார்.

பெயர் போனது. இடமும் போனது.

"இப்ப உன் கொட்டாயக் காட்டு" என்றார்.

என்னுடைய கணக்கைத் திறந்து காட்டினேன். பெயர்கள் இருக்கிற பக்கம். ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஆடுகளைப் பார்த்ததைவிட அந்த வெற்றுப் பக்கத்தை அதிக நேரம் பார்த்தார்.

"கயிறு உன்கிட்ட இருக்குது" என்றார். "மாடு இல்ல."

"இல்லணா."

விரைவில் என்ற பக்கத்தை எடுத்துவிட்டேன். அவர் போனில் அவரே திறந்து பார்த்தார். ஆடு வந்தது.

காசு வாங்காமல் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தள்ளிவிட்ட பிறகு இழுக்க முடியாது. அவர் எழுந்து வேட்டியைச் சரி செய்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கக்கூடாது என்று வாயைக் கடித்துக்கொண்டேன்.

மடியிலிருந்து எடுத்து ஸ்டூலில் வைத்தார். என் கையில் தரவில்லை. ஸ்டூலில் வைத்தார்.

"எண்ணிக்க."

எண்ணினேன். பதினெட்டில் அச்சாரம் ஐந்து போனால் பதிமூன்று. மறுபடி எண்ணினேன். பதினைந்து இருந்தது. அதிகமாகக் கொடுத்துவிட்டு நாளைக்குத் திருடி என்பாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது. இந்த ஒரு மாசத்தில் என் புத்தி அப்படி ஆகிவிட்டது.

"ரெண்டாயிரம் அதிகமா இருக்குதுணா."

அவர் வாசலில் என் வீட்டுக்காரர் வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்தார். எண்ணெய் சொட்டிய தரை. பிறகு என்னைப் பார்த்தார்.

"துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனா ஒண்ணு. நான் கம்மியாவும் குடுக்க மாட்டேன். அதிகமாவும் குடுக்க மாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான் அந்த நோட்டுகளை இரண்டாகப் பிரித்து வைத்தேன். பதிமூன்று ஒரு பக்கம். இரண்டு ஒரு பக்கம். அப்படியென்றால் துண்டுக்குள் முடிந்தது இருபது. வியாபாரியைச் சந்தேகப்பட்டேன். பங்காளியைச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டது மட்டும் சரியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். முகம் கழுவினார்.

"ஆளு வந்தானா?"

"வந்தாரு."

"குடுத்தானா?"

"குடுத்தாரு."

"எவ்ளோ?"

"நீங்க பேசினது."

துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துவாலையை எடுக்கவில்லை. நான் டீ வைத்தேன். டம்ளருக்குக் கீழே நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு வைத்தேன்.

"இது இன்னா?"

"தரகு. கை குடுத்தவருக்கு உண்டு இல்ல?"

"முன் டயரு போயிடுச்சும்மே. உன்கிட்ட கேட்டா அடகுக் கம்மல மூட்டணும்னு சொல்வே. மீதிய அவன் என்கிட்ட குடுப்பான்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாம்."

அவர் டீயைக் குடித்தார். நோட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தரகுக்காரர் எடுக்கத்தான் செய்வார். நான் தடுக்கவில்லை. அவர் டயர் வாங்கினார். நான் கம்மலில் ஒன்றை மீட்டேன். அடகுக் கடையில் இருந்தவர் ஒற்றையாகத் தரமுடியாது என்று சிரித்தார். பிறகு கடைச் சேட்டிடம் கேட்டுத் தந்தார். அடுத்த வேலை வரும்வரை அதை டப்பாவில் வைத்திருந்தேன்.

மூன்று மாசம் முடிந்தது. நாற்காலிக்குப் போகவில்லை.

பக்ரீத் முடிந்து ஒரு வாரத்தில் வல்லத்திலிருந்து ஒருவர் வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கமிஷன் மண்டி வைத்திருப்பவர். ஆட்டு வியாபாரி அனுப்பினார் என்றார்.

"இன்னா சொன்னாரு?"

"கயிறு மாத்திக் குடுக்கற பொம்பளைன்னாரு."

விலை பேசுவதற்கு முன்னால் அவர் போனை எடுக்கச் சொன்னேன். இமெயில் போடச் சொன்னேன். கணக்கு திறக்கச் சொன்னேன். பெயர் அவர் பேரில், அவர் காசில், முதல் நாளே. நான் கட்டுகிறவள் மட்டும். மனை அவருடையது. இனிமேல் அப்படித்தான்.

பிறகு அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். வாசலைப் பார்த்தார். வாசலில் வீட்டுக்காரர் வண்டிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். காது இங்கேதான் இருந்தது.

"அவரக் கூப்பிடும்மா. கை பேசலாம்."

"வேணாம்ணா" என்றேன். பெரிய பட்டன் கால்குலேட்டரை ஸ்டூலில் வைத்தேன். "துண்ட இதும்மேல போடுங்க."

போட்டார். நான் உள்ளே கைவிட்டுத் தட்டினேன். கையை எடுத்துக்கொண்டேன். அவர் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அவர் தட்டினார். நான் தூக்கிப் பார்த்தேன். மறுபடி நான். மறுபடி அவர். கால்குலேட்டர் ஒவ்வொரு தடவையும் கீக் என்றது. வாசலில் துடைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அஞ்சாவது தடவை அவர் மாற்றவில்லை. நான் எல்லாவற்றையும் அழிக்கிற பட்டனைத் தொட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அச்சாரத்தை ஸ்டூலில் வைத்தார்.

மண்டிக்காரர் போன பிறகு வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கால்குலேட்டரை எடுத்துப் பார்த்தார். அதில் பூஜ்யம் இருந்தது.

"எவ்ளோவுக்கு முடிஞ்சுது?"

"துண்டுக்குள்ள பேசினது" என்றேன்.